லைட்னர் விட்மர்

லைட்னர் விட்மர் (ஜூன் 28, 1867 – ஜூலை 19, 1956) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். 1896 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகின் முதலாவது உளவியல் சிகிச்சையகத்தை இவர் நிறுவினார். மருத்துவ உளவியல் என்னும் துறைக்கு அப்பெயரை வழங்கியவரும் இவரே. பள்ளியில் கற்க இயலாமல் தடுமாறும் குழந்தைகளை ஆராய்ந்து உதவுவதற்கெனத் தனியாக ஒரு தொழில் உருவாக வேண்டும் என்றும், அத்தொழிலுக்கு வருவோர் பல்கலைக்கழகத்திலேயே குழந்தைகளுடன் நேரடியாகப் பணியாற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்றும் இவர் முன்மொழிந்தார். இதனால் மருத்துவ உளவியல், பள்ளி உளவியல் ஆகிய இரு துறைகளின் முன்னோடியாகவும் இவர் கருதப்படுகின்றார்.

இளமையும் கல்வியும்

விட்மர் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். இவருடைய தந்தை மருந்து வணிகர். நான்கு பிள்ளைகளுள் விட்மரே மூத்தவர். பிலடெல்பியாவில் உள்ள எபிஸ்கோபல் அகாதமியில் பள்ளிக் கல்வியை முடித்து, 1884 ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1888 ஆம் ஆண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற பின்னர் அதே நகரில் இருந்த ரக்பி அகாதமி என்னும் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கு கல்லூரியில் சேர ஆயத்தமாகிக் கொண்டிருந்த ஒரு மாணவன் ஆங்கிலப் பாடத்தில் மிகவும் பின்தங்கியிருந்தான். அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்த விட்மர், சொற்களின் ஒலிகளை அவனால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை என்பதைக் கண்டுகொண்டார். இடைவிடாத பயிற்சியின் பயனாக அம்மாணவன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். எனினும் சிறு வயதிலேயே அவனது குறை கண்டறியப்பட்டிருந்தால் அவன் இவ்வளவு துன்பப்பட்டிருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் விட்மரை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் தம் துறையின் தோற்றத்தைப் பற்றி எழுதியபோதும் இம்மாணவனை அவர் நினைவுகூர்ந்தார்.

ஆசிரியப் பணிக்கிடையே விட்மர் பட்ட மேற்படிப்பையும் தொடர்ந்தார். அப்போது பென்சில்வேனியாவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் என்பவரால் ஈர்க்கப்பட்டு உளவியலுக்கு மாறி, அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். மனிதருக்கு மனிதர் உள்ள உளத்திறன் வேறுபாடுகளை அளந்தறிவதில் கேட்டல் ஆர்வம் கொண்டிருந்தார். 1891 ஆம் ஆண்டில் கேட்டல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். விட்மர் செருமனியின் லைப்சிக் நகருக்குச் சென்று, சோதனை உளவியலின் தந்தை எனப்படும் வில்லெம் வுண்ட் என்பவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். வேறுபாடுகளை ஆராய வேண்டும் என்ற விட்மரின் விருப்பத்துக்கு வுண்ட் இசையவில்லை. எனவே வடிவங்களின் அளவு விகிதங்கள் அழகுணர்ச்சியை எவ்வாறு தூண்டுகின்றன என்ற தலைப்பில் ஆய்வு செய்து முனைவர் பட்டத்துக்குத் தகுதி பெற்றார். 1892 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, கேட்டல் விட்டுச் சென்ற ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டில் தோன்றிய அமெரிக்க உளவியல் சங்கத்தின் தொடக்கக் கால உறுப்பினர்களுள் இவரும் ஒருவர்.

உளவியல் சிகிச்சையகத்தின் தோற்றம்

அக்காலத்தில் உளவியல் என்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கு உள்ளே நடைபெற்ற அறிவியலாகவே இருந்தது. ஒளி, ஒலி போன்ற தூண்டல்களுக்கு மனிதர் எவ்வளவு விரைவாகத் துலங்குகின்றனர் என்பன போன்றவை அளக்கப்பட்டன. பொதுவான விதிகளைக் கண்டறிவதே நோக்கம். தனி ஒருவரின் இடர்ப்பாட்டைத் தீர்ப்பது உளவியலாளரின் வேலையாகக் கருதப்படவில்லை.

விட்மர் பள்ளி ஆசிரியர்களுக்கும் உளவியல் வகுப்புகள் நடத்தி வந்தார். அவ்வகுப்புகளுக்கு வந்த மார்கரெட் மக்வையர் என்ற ஆசிரியை, 1896 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார். கட்டுரைகளில் இச்சிறுவனுக்குச் சார்லசு கில்மன் என்னும் புனைபெயர் வழங்கப்பட்டது. நன்றாகப் பேசக்கூடியவனும் பிற பாடங்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியவனுமான அவனால் எழுத்துக்கூட்டவோ படிக்கவோ இயலவில்லை. மிக எளிய சொற்களைக் கூட அவனால் அடையாளங்காண முடியவில்லை. உளவியல் என்பது மனத்தைப் பற்றிய அறிவியல் என்றால், இச்சிறுவனின் குறைக்கான காரணத்தையும் அதற்கான தீர்வையும் அது கூற வேண்டும் என்பது ஆசிரியையின் எதிர்பார்ப்பு.

தாம் கற்ற நூல்களில் இதற்கு விடை இல்லை என்பதை விட்மர் உணர்ந்தார். ஆயினும் சிறுவனைத் திருப்பி அனுப்பாமல் ஆராயத் தொடங்கினார். முதலில் கண் பார்வை சோதிக்கப்பட்டது. அவனுக்குப் பொருள்கள் இரட்டையாகத் தெரியும் குறை இருந்தது தெரியவந்தது. அதுவரை எவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. கண்ணாடி அணிவிக்கப்பட்டது. ஆனால் கண்ணாடி மட்டும் போதவில்லை. சொற்களின் வடிவத்தை மனத்தில் இருத்திக்கொள்வதிலும் அவனுக்கு இடர்ப்பாடு இருந்தது. எனவே தனிப் பயிற்சி அளிக்கப்பட்டது. காலப்போக்கில் அவனது படிக்கும் திறன் ஓரளவு மேம்பட்டது. முழுமையாகக் குணமானதாகக் கூற முடியாது. இன்று டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாட்டை ஒத்த நிலை இது எனப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அச்சிறுவன் இளைஞனாக இருந்தபோதே, 1907 ஆம் ஆண்டில் காச நோயால் இறந்தான்.

இந்நிகழ்வே உளவியல் சிகிச்சையகத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. தொடக்கத்தில் வாரத்தில் சில மணி நேரமே இயங்கிய இச்சிகிச்சையகத்துக்கு, பேச்சுக் குறை உள்ளவர்களும் படிப்பில் பின்தங்கியவர்களுமாகக் குழந்தைகள் வரத் தொடங்கினர்.

புதிய தொழிலுக்கான திட்டம்

1896 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பாசுடன் நகரில் நடைபெற்ற அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் விட்மர் தமது திட்டத்தை முன்வைத்தார். அதன் நான்கு கூறுகள் பின்வருமாறு:

- பள்ளிக் குழந்தைகளின் மன வளர்ச்சியைப் புள்ளியியல் முறையாலும், ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே ஆராயும் முறையாலும் அறிதல்.
- உளவியல் சிகிச்சையகம் ஒன்றை அமைத்தல். அதனுடன் இணைந்ததாக, குறையுள்ள குழந்தைகளுக்கு மருத்துவமும் கல்வியும் அளிக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் அமைத்தல்.
- ஆசிரியர்கள், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோருக்குக் குழந்தைகளை உற்றறியவும் பயிற்றவும் செயல்முறைப் பயிற்சி அளித்தல்.
- உளவியல் வல்லுநர் என்னும் புதிய தொழிலுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்தல். இவ்வல்லுநர் பள்ளிகளுடனோ மருத்துவத் துறையுடனோ இணைந்து பணியாற்றுவார்.

நான்காவது கூறே இன்றைய பள்ளி உளவியலாளர் பயிற்சியின் முதல் வித்தாகும். ஆனால் கூட்டத்தில் இருந்தோர் இத்திட்டத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அறிவியலைப் பயன்பாட்டுக்குக் கொண்டு செல்வது அதன் தரத்தைத் தாழ்த்தும் என்று கருதியவர்கள் அப்போது பலர் இருந்தனர்.

விட்மர் காத்திருக்கவில்லை. 1897 ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு வாரக் குழந்தை உளவியல் வகுப்பு ஒன்றை நடத்தினார். மாணவர்களின் முன்னிலையில் குழந்தைகள் ஆராயப்பட்டனர். பிலடெல்பியாவுக்கு அருகில் எல்வின் என்னும் இடத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கும் இவர் ஆலோசகராக இருந்தார். 1898 ஆம் ஆண்டில் எசுப்பானிய–அமெரிக்கப் போர் மூண்டபோது குதிரைப்படையில் சேர்ந்து புவேர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்றதால் இப்பணிகளில் ஓர் இடைவெளி ஏற்பட்டது. 1904 ஆம் ஆண்டில் இவர் முழுப் பேராசிரியர் ஆனார். அவ்வாண்டிலேயே எம்மா ரெப்ளியர் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

சிகிச்சையகமும் பயிற்சி முறையும்

1907 ஆம் ஆண்டில் விட்மர் உளவியல் சிகிச்சையகம் என்னும் பெயரிலேயே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். அதன் முதல் இதழில் வெளியான கட்டுரையில் மருத்துவ உளவியல் என்னும் பெயரை முன்மொழிந்தார். மருத்துவத் துறையிலிருந்து அச்சொல்லைக் கடன் பெற்றது, ஆராயும் முறையைக் குறிப்பதற்கே என்று அவர் விளக்கினார். மருத்துவ மாணவர் நூலை மட்டும் படித்து மருத்துவராவதில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று, மூத்த மருத்துவர் ஆராய்வதைக் கண்டு, பின்னர் தாமும் ஆராய்ந்து கற்கிறார். உளவியலாளரும் அவ்வாறே உருவாக வேண்டும் என்பது விட்மரின் கொள்கை.

1909 ஆம் ஆண்டில் சிகிச்சையகம் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் விரிவாக்கப்பட்டது. குழந்தைகளைப் பள்ளிகள், பெற்றோர், மருத்துவர்கள், நல அமைப்புகள் ஆகியோர் அனுப்பி வைத்தனர். ஒரு குழந்தை வந்தால் பொதுவாகப் பின்வரும் முறையில் ஆராயப்பட்டது:

- முதலில் உடல்நலச் சோதனை. கண், காது, மூக்கு, தொண்டை ஆகியவற்றில் உள்ள குறைகளும், ஊட்டக் குறைவும் கவனிக்கப்பட்டன. இவற்றால் கற்க இயலாத குழந்தையை அறிவு குறைந்தது என்று முடிவு செய்துவிடக்கூடாது என்பதில் விட்மர் உறுதியாக இருந்தார்.
- குடும்பச் சூழல் பற்றிய விசாரணை. சமூகப் பணியாளர் வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று தகவல் திரட்டினார்.
- உளத்திறன் சோதனை. வெவ்வேறு வடிவக் கட்டைகளை உரிய குழிகளில் பொருத்தும் வடிவப் பலகை, பல அளவுகளில் அமைந்த உருளைகள் ஆகியவற்றை விட்மர் பயன்படுத்தினார். குழந்தை எவ்வளவு நேரத்தில் முடித்தது என்பதுடன், தவறியபோது என்ன செய்தது என்பதும் குறித்துக்கொள்ளப்பட்டது.
- சோதனைக் கற்பித்தல். குழந்தைக்குச் சிறிது காலம் பாடம் கற்பித்துப் பார்த்து, அது எவ்வாறு கற்கின்றது என்பதிலிருந்து குறையின் தன்மை முடிவு செய்யப்பட்டது.

இவற்றுள் நான்காவது முறைக்கே விட்மர் மிகுந்த முதன்மை அளித்தார். கற்பிக்காமல் ஒரு குழந்தையால் கற்க முடியாது என்று கூறுவதை அவர் ஏற்கவில்லை. ஒரே நாள் சோதனையில் ஒரு குழந்தையின் வருங்காலத்தை முடிவு செய்வதையும் எதிர்த்தார்.

பட்ட மேற்படிப்பு மாணவர்கள் இப்பணிகளில் நேரடியாகப் பங்கேற்றனர். விட்மர் குழந்தையை ஆராய்வதைக் கண்டனர், பின்னர் தாமே ஆராய்ந்து அறிக்கை எழுதினர், குழந்தைகளுக்குக் கற்பித்தனர். ஆசிரியர்களுக்கும் இடம் இருந்தது. பின்தங்கிய குழந்தைகளுக்கான சோதனை வகுப்பு ஒன்றைப் பல்கலைக்கழகத்திலேயே நடத்தி, அதனை ஆசிரியர்களும் மாணவர்களும் கண்டு கற்க வழி செய்தார். அவ்வகுப்பின் வரலாறு 1911 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. இச்சிகிச்சையகத்தோடு தொடர்புடையவர்களுள் எட்வின் டுவிட்மயர், சாமுவேல் பெர்ன்பெர்கர், தொழிலக உளவியலில் புகழ்பெற்ற மோரிசு விட்டெலசு ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

குறையுள்ள குழந்தைகளைத் தங்கவைத்துப் பயிற்றுவதற்காக 1908 ஆம் ஆண்டில் ரோசு வேலி என்னும் இடத்திலும், 1921 ஆம் ஆண்டில் டெவன் என்னும் இடத்திலும் பள்ளிகளை நடத்தினார். இவர் எழுதிய ஆய்வுகளுள் டான் என்னும் சிறுவனைப் பற்றியது நன்கு அறியப்பட்டதாகும். இரண்டு வயது ஏழு மாதத்தில் அழைத்து வரப்பட்ட இச்சிறுவன் பேசாமல், எவரோடும் ஒட்டாமல் இருந்தான். மனவளர்ச்சி குன்றியவன் எனத் தோன்றிய அவனது நிலைக்கு அச்சமே காரணம் என விட்மர் முடிவு செய்தார். பொறுமையான கற்பித்தலால் அவன் பேசவும் படிக்கவும் கற்றுக்கொண்டான்.

நுண்ணறிவுச் சோதனைகளுடன் முரண்பாடு

பிரான்சு நாட்டின் ஆல்பிரட் பினே 1905 ஆம் ஆண்டில் உருவாக்கிய நுண்ணறிவுச் சோதனை சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்கு வந்தது. நியூ செர்சி மாநிலத்தின் வைன்லாந்தில் பணியாற்றிய என்றி காடர்டு அதனை மொழிபெயர்த்துப் பரப்பினார். ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து அவர்களைக் கொண்டு சோதனை நடத்தும் வழக்கமும் ஏற்பட்டது. பள்ளிகளுக்கு இது எளிதாக இருந்தது. ஓர் எண்ணைக் கொண்டு குழந்தைகளைப் பிரித்துத் தனி வகுப்புகளில் சேர்த்துவிடலாம்.

இதனால் பள்ளி உளவியலாளரின் பணி எது என்பதில் இரு வேறு வழிகள் தோன்றின. ஒன்று, சோதித்துத் தரம் பிரிப்பது. மற்றொன்று, காரணத்தைக் கண்டறிந்து கற்பித்துத் தேற்றுவது. முன்னதற்குச் சில வாரப் பயிற்சி போதுமானதாகக் கருதப்பட்டது. பின்னதற்கு நெடுங்காலப் பயிற்சி தேவை. விட்மர் பின்னதன் பக்கம் நின்றார். பினே சோதனையை அவரது சிகிச்சையகமும் பயன்படுத்தியது. ஆயினும் அதில் கிடைக்கும் எண் குழந்தையின் திறனை முழுமையாகக் காட்டாது என்று அவர் வலியுறுத்தினார். எனினும் அக்காலத்தில் பெரும்பாலான பள்ளிகள் முதல் வழியையே பின்பற்றின.

பிற பணிகளும் கருத்து மோதல்களும்

1909 ஆம் ஆண்டில் மேடைக் காட்சிகளில் நடித்து வந்த பீட்டர் என்னும் சிம்பன்சியைத் தமது சிகிச்சையகத்துக்கு வரவழைத்து, குழந்தைகளுக்குப் பயன்படுத்திய சோதனைகளையே அதற்கும் நடத்தி விட்மர் ஒரு கட்டுரை எழுதினார்.

விட்மர் கருத்துகளை வெளிப்படையாகக் கூறும் இயல்பினர். மனத்தின் ஆற்றலால் நோய் தீர்க்கும் இயக்கங்களை ஆதரித்ததற்காகப் புகழ்பெற்ற உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்சைக் கடுமையாக விமர்சித்தார். 1915 ஆம் ஆண்டில், குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்து வந்த பொருளியல் ஆசிரியர் இசுக்காட் நியரிங் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டபோது, தாம் பணியாற்றிய அப்பல்கலைக்கழகத்தின் செயலைக் கண்டித்து நூல் எழுதினார். முதல் உலகப் போரின்போது இத்தாலியில் செஞ்சிலுவைச் சங்கத்துடன் பணியாற்றினார்.

காலப்போக்கில் தேசிய அளவிலான உளவியல் அமைப்புகளிலிருந்து விட்மர் விலகியே இருந்தார். மனநோய் மருத்துவர்கள் தலைமை ஏற்ற குழந்தை வழிகாட்டல் நிலையங்கள் 1920களில் பெருகியதும், அவரது முறை பிலடெல்பியாவுக்கு வெளியே அதிகம் பரவாததற்கு ஒரு காரணம் ஆகும். உளவியல் சிகிச்சையகம் இதழ் 1935 ஆம் ஆண்டில் நின்றது.

இறுதிக் காலம்

1931 ஆம் ஆண்டில், சிகிச்சையகத்தின் 35 ஆண்டு நிறைவையொட்டி, இவரது மாணவர்களும் உடன் பணியாற்றியோரும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டுச் சிறப்பித்தனர். 1937 ஆம் ஆண்டில் விட்மர் ஓய்வு பெற்றார். டுவிட்மயர் சிகிச்சையகத்தின் பொறுப்பை ஏற்றார். 1956 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் பிரின் மார் என்னும் ஊரில் தமது 89 ஆவது வயதில் விட்மர் காலமானார். அவர் நிறுவிய சிகிச்சையகம் 1961 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

பள்ளி உளவியலாளர் பயிற்சியில் தாக்கம்

பள்ளி உளவியலாளர் என்னும் பதவிப் பெயருடன் அமெரிக்காவில் முதலில் பணியமர்த்தப்பட்டவர் ஆர்னால்டு கெசல் ஆவார். 1915 ஆம் ஆண்டில் கனெடிகட் மாநிலம் இவரை நியமித்தது. ஆனால் இப்பணிக்கு என்ன கல்வித் தகுதி வேண்டும் என்பது நெடுங்காலம் வரையறுக்கப்படவில்லை. 1930களின் நடுப்பகுதியில் நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் சான்றிதழ் முறை தொடங்கியது. அமெரிக்க உளவியல் சங்கத்தில் பள்ளி உளவியலாளர்களுக்கான 16 ஆவது பிரிவு 1945 ஆம் ஆண்டில் அமைந்தது.

1954 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் வெசுட் பாயிண்டில் உள்ள தேயர் விடுதியில் நடைபெற்ற மாநாடு இத்துறையின் பயிற்சியை வரையறுத்த முதல் பெரு முயற்சியாகும். முனைவர் பட்ட நிலை, இரண்டாண்டுப் பட்ட மேற்படிப்பு நிலை என இரு நிலைகள் அங்கு பரிந்துரைக்கப்பட்டன. இரண்டிலும் களப்பயிற்சி இடம்பெற்றது. அப்போது விட்மர் உயிருடன் இருந்தார். 1969 ஆம் ஆண்டில் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டில் ஆசுடின் நகரில் உள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்தின் பள்ளி உளவியல் முனைவர் பட்டப் படிப்பு, அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏற்பிசைவைப் பெற்ற இத்துறையின் முதற் படிப்பானது.

தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் தகுதி வரையறையின்படி, முனைவர் பட்டத்துக்கு முந்திய வல்லுநர் நிலைக்குக் குறைந்தது 60 பருவ மதிப்பலகுகள் கொண்ட பட்ட மேற்படிப்பும், 1200 மணி நேர உள்ளகப் பயிற்சியும் தேவை. அவற்றுள் குறைந்தது 600 மணி நேரம் பள்ளியிலேயே செலவிடப்பட வேண்டும். உளத்திறன் சோதனைகள் பாடத்திட்டத்தில் உள்ளன. அவற்றுடன் கற்பித்தல் வழித் தலையீடு, பெற்றோருடனும் ஆசிரியருடனும் கலந்தாய்வு ஆகியனவும் இடம்பெறுகின்றன. கற்பித்துப் பார்த்து, குழந்தை அதற்கு எவ்வாறு துலங்குகின்றது என்பதைக் கொண்டு கற்றல் குறைபாட்டை அறியும் முறையை 2004 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத் திருத்தம் அனுமதித்தது. விட்மரின் சோதனைக் கற்பித்தலுடன் இது ஒப்புநோக்கத்தக்கது.

விட்மரின் எழுத்துகளில் மனக்குறை உள்ளோரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொற்கள் பல இன்று இழிவானவையாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட்டுள்ளன. அவரது வகைப்பாடுகளும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. தோல்வியுறும் குழந்தையைக் குறை கூறாமல் காரணத்தைத் தேட வேண்டும் என்ற அணுகுமுறையும், குழந்தைகளிடமே பயிற்சி பெற வேண்டும் என்ற கல்வி முறையும் நிலைத்துள்ளன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 16 ஆவது பிரிவு, பள்ளி உளவியலில் சிறந்து விளங்கும் இளம் ஆய்வாளர்களுக்கான விருதை இவர் பெயரால் வழங்கி வருகின்றது. பால் மெக்ரெனால்ட்சு எழுதிய விட்மரின் வாழ்க்கை வரலாறு 1997 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எழுதிய நூல்கள்

- பகுப்பாய்வு உளவியல் (1902)
- பின்தங்கிய குழந்தைகளுக்கான தனி வகுப்பு (1911)
- நியரிங் விவகாரம் (1915)

இவற்றையும் பார்க்க

- பள்ளி உளவியல்
- மருத்துவ உளவியல்
- வில்லெம் வுண்ட்
- ஆல்பிரட் பினே
- ஆர்னால்டு கெசல்